சனிக்கிழமை ஓட்டம்

1911 செப்டம்பர் 3, ஞாயிறு

மீசை இன்னும் போதவில்லையாம். நேற்று ஓட்டம் முடிந்து ஜனங்கள் கலைந்ததும் முதலாளி என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பேப்பர் படத்துல இருக்கிற அளவுக்கு வரலையே, மாரப்பன்" என்றார். படத்தில் இருப்பது எனக்கு முளைத்த மீசை அல்ல. சேலத்தில் அச்சுக்கட்டை செதுக்கியவன் தன் இஷ்டத்துக்கு வைத்துவிட்ட மீசை. அவன் கைவேலைக்கு நான் எண்ணெய் தடவி வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த நோட்டும் முதலாளி கொடுத்ததுதான். உடம்பு நாளுக்கு நாள் எப்படித் தேறி வருகிறது என்று எழுதி வைத்தால் பிற்பாடு விளம்பரத்துக்கு உதவும் என்றார். அவருக்காக இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். இனி எனக்காக எழுதுகிறேன்.

நான் சேலத்தில் பஞ்சு அரவை ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். சிறு வயது முதலே எனக்கு இழுப்பு. பஞ்சுத் தூசி அதை முற்ற வைத்தது. இழுப்புக்காரனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை, ஆகையால் வீட்டிலும் யாரும் இல்லை. போன மாசியில் என் தங்கை பாவாயி வந்து பார்த்தபோது நான் சுவரில் சாய்ந்தபடி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வண்டியில் போட்டு மலையடிவாரம் வரை அவளே கொண்டுவந்தாள். அங்கிருந்து டோலி. ஏற்காட்டில் முதலாளி ரங்கையா நாயுடுவின் சுகவாசப் பண்ணையில் இறக்கினார்கள்.

கொஞ்ச நாளில் மூச்சு வந்துவிட்டது. மருந்தோ, குளிரோ, பஞ்சில்லாத காற்றோ, அன்றைக்கு நான் யாருக்கு வேண்டுமானாலும் கோயில் கட்டியிருப்பேன். முதலாளி கோயில் கேட்கவில்லை, படம் கேட்டார். முன், பின் என்று இரண்டு படம். முன்னதில் நான் எலும்புக்கூடு, பின்னதில் பயில்வான். இங்கேயே வேலையும் போட்டுக் கொடுத்தார். மருந்து கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். சனிக்கிழமைதோறும் ஓட வேண்டும்.

லாயத்து வாசலிலிருந்து மேட்டின் மேலுள்ள பங்களா வரை, தோளில் ஒரு பால் கேனோடு ஓட்டம். பால் வாங்க வருகிறவர்கள், மட்டக்குதிரை வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள், காற்று வாங்க மேலே வந்திருக்கும் வக்கீல் குடும்பங்கள் எல்லாரும் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் நான் வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டும். அதுதான் கஷ்டம். சிரிக்கலாம், வாயைத் திறக்கக்கூடாது.

செப்டம்பர் 5, செவ்வாய்

தூறல். லாயத்துக்குக் காய்ந்த புல் வந்து இறங்கியது. கொஞ்சம் தும்மல். தூசிதான்.

செப்டம்பர் 8, வெள்ளி

நாளை சனிக்கிழமை. ஆகையால் இன்று மத்தியானத்துக்கு மேல் எனக்குச் சோறு இல்லை. ராத்திரிக்கு நீர்க்கஞ்சி மட்டும். என் அறையைக் கூட்டக்கூடாது, தண்ணீர் தெளித்து வைப்பார்கள். லாயப் பக்கமோ புல் கொட்டகைப் பக்கமோ நான் எட்டிப் பார்க்கக்கூடாது. காலையில் ஓட்டத்துக்கு முன் கறுப்புக் கஷாயம் ஒரு கிண்ணம்.

புட்டியில் போய் ஊருக்கெல்லாம் விற்கும் சுவாச சஞ்சீவி கறுப்பு அல்ல. தேன் நிறம், அதிமதுர வாசம், தித்திப்பு. இதைப் பற்றி முதலாளியிடம் ஒருமுறை கேட்டேன். "அது பப்ளிக்குக்கு. இது ஸ்பெஷல், உங்களுக்கு மட்டும்" என்றார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 9, சனி

நல்ல ஓட்டம். நாமக்கல் வக்கீல் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆச்சரியமா இருக்கே!" என்று ஆறு புட்டி வாங்கிப் போனார். கஷாயம் குடித்த அன்றெல்லாம் நாக்கு அட்டை மாதிரி காய்ந்துவிடுகிறது. கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்குகிறது. இதைக்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் வரை படுத்திருந்தேன். ஓடினால் யாரும்தான் படுப்பார்கள்.

செப்டம்பர் 14, வியாழன்

பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கத்தில் எங்கள் பத்தி. மேலே என் இரண்டு படமும் சஞ்சீவியும். அதற்குக் கீழே 'சவாரிக் குதிரைகள் வாடகைக்கும் விலைக்கும்'. அதற்கும் கீழே பண்ணைப் பாலும் வெண்ணெயும். முதலாளிக்கு இந்தப் பத்தியைப் பார்த்தால் சொந்தப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

எங்கள் பத்தி முடிந்து கோடு போட்ட இடத்தில் வேறு யாரோ கொடுத்த விளம்பரம். ராசிபுரம் தாலுகாவில் பண்ணை நிலம் விற்பனைக்கு. வற்றாத கமலைக் கிணறு, வடக்கே ஓடை, ஓட்டு வீடு, புளிய மரங்கள். உடையவருக்கு உடம்பு சரியில்லாததால் உடனே விற்க வேண்டியிருக்கிறது. விவரத்துக்கு, நல்லுசாமிக் கவுண்டர்.

பாவாயியின் புருஷன் பெயரும் நல்லுசாமிதான். அந்தப் பெயரில் தாலுகாவில் எத்தனையோ பேர் இருப்பார்கள். வற்றாத கிணறும் எத்தனையோ இருக்கும்.

செப்டம்பர் 15, வெள்ளி

கஞ்சி.

செப்டம்பர் 18, திங்கள்

காலையில் முதலாளி என் மேஜைக்கே வந்து தோளில் தட்டினார். "உங்க மாப்பிள்ளை எழுதியிருக்கார்! இழுப்பாம். நம்ம பேப்பரைப் பார்த்தாராம். அடுத்த மாசம் சம்சாரத்தோட வர்றார். மூணு மாசம் இங்கேயே வாசம், பால், குதிரைச் சவாரி, மருந்து, எல்லாம் முழுசா. குடும்பத்துக்கே நாமதான் வைத்தியம் போங்க!"

அவ்வளவு பெரிய செலவுக்கு மாப்பிள்ளையிடம் ஏது என்று கேட்டேன்.

"நிலத்தை விக்கிறாராம். உயிர் இருந்தா நிலம் வாங்கிக்கலாம் இல்லையா?"

அந்த நிலத்தை விட்டால் அவர்களுக்கு வேறொன்றும் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். மாப்பிள்ளைக்கு இழுப்பு உண்டு, எனக்குத் தெரியும். மார்கழிப் பனிக்கு வந்து தைக்குப் போய்விடும் இழுப்பு. அதற்கா நிலம்?

மத்தியானம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு, இவ்விடம் நான் நலம்' என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் எதை எழுதினாலும் முதல் வரி பொய்யாகிறது. முதல் வரியை மாற்றினால் வேலை போகிறது. தபாலெல்லாம் முதலாளி கைவழியாகத்தான் போகிறது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

போகக்கூடாத இடத்துக்கு இன்று போனேன். கஞ்சி குடித்த வயிறு சும்மா இருக்கவிடவில்லை. லாயத்துக்காரன் நாயகத்திடம் எப்போதும் வறுகடலை இருக்கும், அதற்காகத்தான் போனேன்.

நாயகம் குஷியில் இருந்தான். சிட்டு என்ற சிவப்பு மட்டக்குதிரையை நாளை காப்பித்தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு ரைட்டருக்குக் காட்டப் போகிறார்களாம். சிட்டுவுக்கு மூச்சுக் கோளாறு. காய்ந்த புல்லைத் தின்றால் மூச்சுக்கு இரண்டு தரம் விலா இடிக்கும், தெருவுக்கே கேட்கும்.

"நாளைக்குக் கேக்காது பாருங்க" என்றான். "நேத்திலேர்ந்து காஞ்ச புல்லைக் கண்ணுல காட்டலை. தவிடு, அதுவும் நனைச்சது. வயிறு காலியா இருந்தாதான் மூச்சு அடங்கும். கீழே தண்ணி தெளிச்சு வெச்சிருக்கேன், தூசி எழும்பாது. காலையில ஓட விடறதுக்கு மின்னாடி கறுப்புத் தண்ணி ஒரு படி. ரெண்டு மணி நேரத்துக்குச் சிட்டு ராஜாத்திதான்."

சொல்லிக்கொண்டே கல்லில் இலை அரைத்தான். கொட்டகைச் சுவரோரம் முளைத்துக் கிடக்கும் ஊமத்தை இலை.

சிட்டுவின் கண்ணைப் பார்த்தேன். கருமணி அகலமாக விரிந்து, பார்வை எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. "இன்னிக்கும் கொஞ்சம் குடுத்துப் பார்த்தேன், ஒத்துக்குதான்னு" என்றான் நாயகம்.

கடலை கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 23, சனி

கஷாயம் குடித்தபின் முதலாளியின் வரவேற்பறைக் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சிட்டு முதலில் ஓடியது. பிறகு நான். இரண்டு பேருக்கும் நல்ல பெயர். ரைட்டர் குதிரையை வாங்கிப் போனார்.

செப்டம்பர் 27, புதன்

ரைட்டர் திரும்பி வந்துவிட்டார். சிட்டுவைக் கையில் பிடித்து நடத்தியே கொண்டுவந்தார். அதன் மூச்சு எனக்கு என் அறைக்குள் கேட்டது. அந்தச் சத்தத்தை அடையாளம் காண நான் ஜன்னலுக்குப் போகத் தேவையே இல்லை.

ரைட்டர் ஆத்திரமாகத்தான் ஆரம்பித்தார். "என்னய்யா, இழுப்புக் குதிரையைத் தலையில கட்டிட்டீங்க!"

முதலாளி அசரவே இல்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, ரொம்ப வருத்தமாகக் கேட்டார். "என்ன தீனி போட்டீங்க?"

"புல்லுதான்."

"காய்ஞ்சதா?"

"ஆமா."

"கெடுத்துட்டீங்களே! ராஜா மாதிரி குடுத்தேனே! நம்ம மருந்து கேட்டு வாங்கிட்டுப் போனீங்களா?"

ரைட்டர் விழித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். கடைசியில் தன் மேல்தான் தப்பு என்று ஒப்புக்கொண்டு, குதிரையை வைத்தியத்துக்காக இங்கேயே விட்டுவிட்டு, வைத்தியச் செலவுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது முதலாளிக்குக் கும்பிடு வேறு.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், பழக்கமாகிவிட்டது.

அக்டோபர் 2, திங்கள்

பனிமூட்டம் ஏரியைவிட்டு நகரவே இல்லை. மூச்சு கொஞ்சம் கனமாக இருக்கிறது. எல்லாருக்கும் கனமாகத்தான் இருக்கும்.

தர்மாஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் ஆட்கள் என்னைப் பார்த்து, "சஞ்சீவிக்காரர் போறார்!" என்றார்கள். அங்கே காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. எங்க அம்மாவுக்கு ஒரு புட்டி வேணும், கொஞ்சம் சொல்லி வாங்கித் தரணும்" என்றார். சரி என்றேன். அங்கே போன காரியத்தைச் சொல்லவில்லை. அந்தப் பெரிய மீசையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அக்டோபர் 5, வியாழன்

முதலாளியிடம் பேசினேன். மாப்பிள்ளை வர வேண்டாம் என்று எழுதிவிடலாம், அவருக்கு இவ்வளவு பெரிய வைத்தியம் தேவையில்லை என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "உங்களுக்கு இங்கே இருக்கப் பிடிக்கலைன்னா கீழே போகலாம், மாரப்பன். யாரும் கட்டிப் போடலை. கேட் திறந்துதான் இருக்கு" என்றார்.

கேட் திறந்துதான் இருந்தது. போனேன். மலைப்பாதையில் இறங்க இறங்கக் குளிர் விட்டது, காற்று சூடாயிற்று. பாதி மலைக்குக் கீழே வண்டிகள் கிளப்பும் புழுதி. அடிவாரத்துச் சாவடி தெரியும் வளைவில் மார்பு இறுகிக்கொண்டது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கீழே சேலம் வெயிலில் கிடந்தது. எனக்குத் தெரிந்த எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், எனக்கு வேண்டிய காற்று மட்டும் அங்கே இல்லை.

காப்பி மூட்டை இறக்கிவிட்டு வெறுமனே மேலே திரும்பிய ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். மேலே வர வர மூச்சு விட முடிந்தது. பண்ணை வாசலில் இறங்கியபோது முதலாளி தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. "கஞ்சி சூடா இருக்கு, நேரத்தோட குடிங்க" என்றார். வெள்ளிக்கிழமைகூட இல்லை.

அக்டோபர் 12, வியாழன்

பாவாயியும் மாப்பிள்ளையும் நாளை மறுநாள் வருகிறார்கள். ஓட்டத்தைப் பார்க்கும்படியாகச் சனிக்கிழமையே வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. இவ்வளவு நாள் தோன்றாதது ஆச்சரியம். நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஓடினால் போதும்.

நாளைக் கஞ்சியை ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுவேன். நாயகத்திடம் சொல்லிச் சோறும் மொச்சைக் குழம்பும் வாங்கி வயிறு முட்டச் சாப்பிடுவேன். அறையில் படுக்காமல் புல் கொட்டகையில் படுப்பேன். காலையில் கஷாயத்தைக் குடிப்பதுபோல் காட்டித் துப்பிவிடுவேன். பாதி மேட்டில் எனக்கு இழுக்கும். ஊரே பார்க்கும். மாப்பிள்ளை பார்ப்பார். முதலாளி என்னைத் திட்ட முடியாது, ஏனென்றால் நான் ஓடித்தானே இருப்பேன்.

சிட்டுவுக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு மூளை இருக்கிறது.

அக்டோபர் 15, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூச்சுக்காக நடுநடுவே நிறுத்த வேண்டியிருக்கிறது.

எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது. கொட்டகையிலேயே மார்பு கரகரக்கத் தொடங்கிவிட்டது. கஷாயத்தைச் செம்பருத்திச் செடிக்குக் கொடுத்தேன். வெளியே வந்தபோது வேலியோரம் நல்ல கூட்டம். முன்வரிசையில் பாவாயி, தலையில் முக்காட்டோடு. பக்கத்தில் மாப்பிள்ளை கம்பளி போர்த்தி நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த மனிதர் பத்திரிகைப் படத்தை மடித்து மடியில் வைத்திருந்தார்.

கேனைத் தோளில் வைத்து ஓடினேன். கால்வாசி மேட்டில் இழுத்தது. இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். நான் அதை அடக்கப் பார்த்தேன். விழுவதற்காகவே ஓடியவன், விழும் நேரம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பார்த்தேன். முகம் தன்பாட்டில் அதைச் செய்தது. அப்புறம்தான் முட்டி மடங்கியது. கேன் உருண்டு லாயத்து வாசல் வரை போனது.

விழுந்தபின் மூச்சு உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கூட்டம் வேலியைத் தாண்டி ஓடிவந்தது. ஒரு அம்மாள், "ஐயோ, செத்துப் போவான் போலிருக்கே!" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதலாளி மேட்டிலிருந்து நிதானமாக இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"யாரும் பயப்பட வேண்டாம். இது நான் சொல்லித்தான் நடந்தது. ரெண்டு நாளா இவர் மருந்தைத் தொடலை. மருந்து இல்லாட்டி இந்த வியாதி மனுஷனை என்ன பண்ணும்னு பப்ளிக் கண்ணால பார்க்கணுமில்ல? பார்த்துட்டீங்களா? இப்ப இதையும் பாருங்க."

நாயகம் கறுப்புக் கிண்ணத்தோடு தயாராக நின்றான். கொட்டகையில் நான் படுத்ததை யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

குடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். குடிக்காமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் காற்றில்லாதவனுக்கு யோசனை ஏது? என் கை என்னைக் கேட்காமலேயே கிண்ணத்தை வாங்கியது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். கூட்டம் காத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மார்பு இளகியது. எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் நின்றேன். ஜனங்கள் கை தட்டினார்கள்.

மருந்து அறையில் இருந்த புட்டி அத்தனையும் தீர்ந்து, பின்கட்டிலிருந்து பெட்டி உடைத்தார்கள். ரைட்டர் குதிரையோடு திரும்பி வந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்று நான் சிரித்தேன்.

கூட்டம் புட்டி வாங்கப் போனபின் முதலாளி எங்கள் மூவரையும் தன் அறைக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. "மச்சானுங்க, கண்ணால பாத்தனுங்க. போன உசுரு திரும்பி வந்துச்சுங்க" என்றார். திங்கட்கிழமை ராசிபுரம் ரிஜிஸ்தர் ஆபீசில் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளே தங்க வந்துவிடுவதாக முதலாளியிடம் சொன்னார். முதலாளி கிழக்கு ஜன்னல் வைத்த அறையை ஒழித்துத் தருவதாகச் சொன்னார்.

பாவாயி உட்காரவே இல்லை. என் பின்னால் வந்து நின்றாள். சின்ன வயதில் செய்வாளே, அதேபோல் என் முதுகில் காதை வைத்தாள்.  அவள் வெகு நேரம் கேட்டாள்.

"கழனிக்கு அடியில தண்ணி ஓடற மாதிரி இருக்குது. அதே சத்தந்தான்" என்றாள். பிறகு முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்ணா, ஒரே ஒரு வார்த்தை கேக்கறன். உங்களுக்குக் கொணமாயிருச்சா, இல்லியா?"

"அம்மா, இப்பத்தானே கண்ணால பார்த்தீங்க..." என்றார் முதலாளி.

"உங்களக் கேக்கலீங்க. எங்கண்ணனக் கேக்கறன்."

இந்தக் கேள்வியை இத்தனை மாதமாக ஊரே கேட்டது. ஓடிக் காட்டினேன், சிரித்துக் காட்டினேன், நேற்று விழுந்தும் காட்டினேன். வாயால் மட்டும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை என்று இப்போது புரட்டிப் பார்த்தால் தெரிகிறது.

"இல்லை" என்றேன்.

 வெளியே புட்டிகள் இடிபடும் ஓசை கேட்டது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது. "மலைக் காத்துதான் பாவாயி என்னை வெச்சிருக்குது. புட்டியில இருக்கறது அதிமதுரத் தண்ணி. நான் குடிச்சது அது இல்ல. குதிரைக்கு ஊத்தற கறுப்பு. அதுவும் ரெண்டு மணி நேரத்துக்குத்தான். மாப்பிள்ளை, நிலத்தை எழுதிக் குடுத்துராதீங்க."

மாப்பிள்ளை மடியிலிருந்து படத்தை எடுத்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இது?" என்றார்.

"அது கட்டையில செதுக்கினது. மீசைகூட என்னது இல்ல."

 அவர் படத்தை மேஜைமேல் வைத்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். "திங்கக்கெழம நான் ராசிபுரம் போகலீங்க" என்றார். முதலாளியிடம்தான் சொன்னார். ஆனால் பார்வை பாவாயியிடம் இருந்தது. அவள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

என்னையும் கூட வரச் சொன்னாள். வளைவு வரை இறங்கிப் போய்ப் பார்த்த கதையைச் சொன்னேன். கொல்லிமலையில் அவள் மாமனாருக்குத் தெரிந்த குடும்பம் இருக்கிறதாம். "அங்கயும் மலதானுங்ணா. அறுவடை முடியட்டும். தையில வண்டி கொண்டாந்து கூட்டிட்டுப் போறன்" என்றாள். வெய்யில் சாய்வதற்குள் அவர்களை டோலியில் ஏற்றிவிட்டேன். பனிமூட்டத்துக்குள் டோலிக்காரர்களின் குரல் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்துவார் என்று காத்திருந்தேன். இன்று காலையில் அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க குடும்பத்துக்கிட்ட என்ன வேணா சொல்லிக்கோங்க, மாரப்பன். வெளியில சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை. உங்க முகத்தைப் பேப்பர்ல பார்த்தவங்க உங்க வாயை நம்ப மாட்டாங்க." பிறகு தலை நிமிர்ந்து, "அது இருக்கட்டும். நேத்து மாதிரி நடத்தினா ரெண்டு பங்கு விக்குது" என்றார்.

அக்டோபர் 17, செவ்வாய்

மழை. எழுந்து நடக்க முடிகிறது.

அக்டோபர் 19, வியாழன்

பத்திரிகை வந்தது. எங்கள் பத்தியில் இப்போது மூன்று படம். முன், பின், நடுவே புதிதாக ஒன்று, 'மருந்தை நிறுத்தியபோது'. தரையில் கிடக்கிறேன். விழுந்து கிடக்கும்போதும் மீசை விறைப்பாகவே இருக்கிறது, செதுக்கியவன் அதில் குறை வைக்கவில்லை.

கோட்டுக்குக் கீழே ராசிபுரம் நிலத்தைத் தேடினேன். இல்லை. மறுபடியும் மேலிருந்து கீழ் வரை விரலை வைத்துப் பார்த்தேன். இல்லவே இல்லை. அந்த இடத்தில், பெண்கள் சவாரிக்கு ஏற்ற சாதுவான சிவப்பு மட்டக்குதிரை ஒன்று விற்பனைக்கு என்று போட்டிருக்கிறது. ரைட்டர் வைத்தியச் செலவு கட்ட முடியாமல் சிட்டுவை விட்டுக்கொடுத்துவிட்டார் போலும்.

அங்கே அந்த நிலம் இல்லாததற்காக நான் இன்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அக்டோபர் 20, வெள்ளி

முதலாளி புது ஏற்பாட்டைச் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை மருந்தோடு ஓட வேண்டும். அடுத்த சனிக்கிழமை மருந்தில்லாமல் ஓடி விழ வேண்டும். நாளை மருந்தோடு. சிட்டுவும் நாளை ஓடுகிறது.

தை வரைக்கும் எத்தனை சனிக்கிழமை என்று எண்ணிப் பார்க்கவில்லை. முதலாளி இந்த நோட்டைக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அவர் கேட்டதைத்தானே கடைசியில் எழுதியிருக்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று. எனக்குக் குணமாகவில்லை.

கஞ்சி வந்துவிட்டது. குடித்துவிட்டு மீசைக்கு எண்ணெய் தடவ வேண்டும்.